உருளைக்கிழங்கு நாட்டில் உருளைக்கிழங்குப் பஞ்சம்

கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டில் 2022ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம், நம் அங்கத்தினர் அனைவரும் அறிந்து சிந்திக்கத் தக்கதாகும். உலகெங்கும் வறுத்த கோழி விற்கும் கே.எஃப்.சி. என்னும் அமெரிக்க உணவகத்தின் கென்யக் கடைகளில் திடீரென்று உருளைக்கிழங்கு வறுவல் கிடைக்காமற் போயிற்று. கொரோனா நோய்த்தொற்றினால் கப்பல்கள் தாமதப்பட்டன. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய கிழங்கு வந்து சேரவில்லை என்று அறிவிக்கப்பட்டது. கென்யாவிலோ மக்காச்சோளத்துக்கு அடுத்தபடியான முக்கிய உணவுப் பயிர் உருளைக்கிழங்குதான். நியாண்டருவா முதலிய மேட்டு நிலங்களில் எண்ணற்ற சிறு விவசாயிகள் அதனையே நம்பி வாழ்கின்றனர். வயலில் கிழங்கு இருக்க, வாணலியில் கிழங்கு இல்லை! அந்நாட்டு மக்கள் கொதித்தெழுந்ததில் வியப்பென்ன?

நிறுவனத்தார் கூறிய சமாதானம் யாதெனில், தங்களுக்குச் சரக்கு வழங்குவோர் எவராயினும் உலகப் பொதுவான தரப் பரிசோதனையில் தேறியிருத்தல் வேண்டும் என்பதே. கண்டனம் வலுத்த பின்னரே, உள்நாட்டிலிருந்தும் கிழங்கு வாங்க ஏற்பாடு செய்வதாக அவர்கள் தெரிவித்தனர். இச்செய்தியைப் படித்தவுடன் அந்நியக் கம்பெனியை நாலு வார்த்தை ஏசிவிட்டு ஓய்ந்துவிடுதல் எளிது. ஆனால் ஏசுவதனால் எந்த விவசாயியின் கிழங்கும் விலைபோவதில்லை. ஆகவே இதன் மூலத்தை ஆராய்வோம்.

ஒரே பெயர், ஒரே செய்முறை, ஒரே சுவை என்ற திட்டத்தில் ஊர்தோறும் கடை பரப்பும் உணவகங்களைச் சங்கிலி உணவகங்கள் என்கிறோம். அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ நகரில் மெக்டொனால்டு சகோதரர்கள் 1948ஆம் ஆண்டில் தங்கள் கடையின் சமையலறையைத் தொழிற்சாலைபோல் மாற்றி அமைத்தனர். இன்னின்ன வேலையை இன்னின்னார், இத்தனை நொடியில் செய்ய வேண்டுமென்று வகுத்தனர். 1955இல் ரே கிராக் என்பவர் அம்முறையை நாடெங்கும் பரப்ப முற்பட்டார். 1961இல் சகோதரர்களிடமிருந்து உரிமை முழுவதையும் 27 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டார். இன்று அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் 40,000க்கும் அதிகமான கடைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றை நடத்துவோர் அந்தந்த ஊர் முதலாளிகளே. முதலும் உழைப்பும் நஷ்ட பயமும் அவர்களுடையவை. பெயரும் விதியும் தலைமை நிலையத்தினுடையவை. விற்பனையில் ஒரு பங்கு தலைமைக்குச் செல்லும். பல இடங்களில் கட்டிட வாடகையும் அங்கேயே செல்லும்.

இம்முறையில் நன்மை இல்லையென்று நாம் கூறமாட்டோம். சுத்தம் உண்டு; சொன்ன விலைக்குச் சொன்ன பண்டம் உண்டு; எந்தச் சாதியார், எந்தத் தெருவார் என்று கேளாமல் வரிசைப்படி உணவு கிடைப்பதும் உண்டு. குறை எங்கே இருக்கிறதென்றால், விதி எல்லா நாட்டுக்கும் ஒன்றாக இருக்கிறது. அதனை எழுதும் கை மட்டும் ஒரே நாட்டில் இருக்கிறது. ஐஸ்லாந்தில் 1993இல் நுழைந்த மெக்டொனால்டு கடைகள் ஜெர்மனியிலிருந்தே பண்டங்களைத் தருவித்து வந்தன. 2008ஆம் ஆண்டு நெருக்கடியில் அந்நாட்டு நாணயம் வீழ்ச்சியுற்றது. இறக்குமதிச் செலவு தாங்காமல் 2009இல் அங்கிருந்த மூன்று கடைகளும் மூடப்பட்டன. வளமான நாட்டுக்கே இந்த கதியாயின், எளிய நாட்டின் சிறு விவசாயி எம்மாத்திரம்?

நம் நாட்டு அனுபவத்தையும் பார்ப்போம். 1996இல் மெக்டொனால்டு இந்தியாவுக்கு வந்தபோது, அவர்களது வறுவலுக்கு ஏற்ற கிழங்கு இங்கில்லை. நீளமாகவும், நீர் குறைந்தும், பொரித்தால் கருகாதபடி சர்க்கரை குறைந்தும் இருக்கும் கிழங்கே அவர்களுக்கு வேண்டும். மெக்கெயின் என்ற கம்பெனியார் குஜராத் விவசாயிகளுடன் பல ஆண்டுகள் முயன்று அத்தகைய ரகங்களைப் பயிரிடுவித்து, மேசானா மாவட்டத்தில் ஆலையும் நிறுவினர். ஆக, நம் மண்ணாலும் விவசாயியாலும் இது ஆகாத காரியமன்று. விதையும் பயிற்சியும் முன்பேசிய விலையும் இருந்தால் நடக்கும். ஆயினும் கொள்வோன் ஒருவனாகவும் கொடுப்போர் பலராகவும் உள்ள இடத்தில் ஒப்பந்தத்தை எழுதுபவன் கொள்வோனே. ஒரே வியாபாரியிடம் நூல் வாங்கி, அவனிடமே சேலை கொடுத்துப் பழகிய நெசவாளருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் சப்வே என்னும் சங்கிலியின் கடைக்காரர்கள் 1996ஆம் ஆண்டில் தங்களுக்கென்று ஒரு கொள்முதல் கூட்டுறவு ஸ்தாபனத்தை அமைத்துக்கொண்டனர். பர்கர் கிங் கடைக்காரர்களுக்கும் அத்தகையதொன்று உண்டு. வாங்குவோர் கூட்டுறவின் பலத்தை உணர்ந்து ஒன்றுகூடி விலை பேசுகின்றனர். விற்பவரோ தனித்தனியே நிற்கின்றனர். கென்யாவில் 50 கிலோவுக்கு மேல் கிழங்கு மூட்டை கட்டலாகாது என்று சட்டம் இருந்தும், வியாபாரி கேட்கும் பெருமூட்டையைத் தனி விவசாயி கட்டிக் கொடுத்துவிடுகிறான். மறுத்தால் அடுத்த வயலுக்குப் போவான் என்ற அச்சமே காரணம்.

பெங்களூரில் 1995இல் கே.எஃப்.சி.யின் முதல் இந்தியக் கடை திறக்கப்பட்டது. 1996 ஜனவரி 30ஆம் நாள் விவசாயிகள் சிலர் அக்கடையை அடித்து நொறுக்கினர். இன்று அந்நிறுவனத்துக்கு இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள்! அதே பெங்களூரில் 1957இல் வேறொரு காரியம் நடந்தது. காப்பி போர்டார் தங்கள் காப்பி இல்லங்களை மூடத் தொடங்கியபோது, வேலையிழந்த பணியாளர்கள், ஏ.கே. கோபாலன் அவர்களின் ஊக்குவிப்பினால், கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே உணவகத்தை நடத்த முன்வந்தனர். தில்லி, திருச்சூர் என்று அது பரவிற்று. பரிமாறுகிறவரே பங்குதாரர், இதுவும் ஒரு சங்கிலிதான். 1935இல் தோன்றிய நமது கோ-ஆப்டெக்ஸும் நெசவாளரின் சங்கிலிக் கடையன்றி வேறென்ன? இந்தியன் காப்பி ஹவுஸ் இன்றும் பல ஊர்களில் நிலைத்திருக்கிறது. ஆனால் புதுக் கடைகள் பெருகிய வேகத்தில் அது பெருகவில்லை என்பதையும் மறைக்கலாகாது. கூட்டுறவு என்ற பெயர்ப்பலகை மட்டும் வாடிக்கைக்காரரை அழைத்து வராது.

தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் நாம் காண்பதைச் சொன்னால் அங்கத்தினர் வருந்தலாகாது. ஒரு விளைபொருள் விற்பனைச் சங்கத்தில் தரம் பிரிப்பதற்கென்று வாங்கிய மேசையின்மீது பழைய பேரேடுகள் அடுக்கப்பட்டிருந்தன. சிறிதும் பெரிதும், நல்லதும் சொத்தையும் ஒரே சாக்கில் கட்டப்பட்டு, நடுத்தர விலைக்கும் கீழாகப் போய்க்கொண்டிருந்தன. தரப் பரிசோதனை என்ற பெயரால் நம்மைத் தள்ளுகிறார்கள் என்று குறைகூறும் உரிமை, அந்த மேசையைத் துடைத்து வைத்தவனுக்கே உண்டு.

எனவே செய்யத் தக்கவை இவை. நல்ல விதையைச் சங்கமே தருவித்து வழங்க வேண்டும். தரம் பிரித்து, ஒரே எடையில் மூட்டை கட்டி, சங்க முத்திரையுடன் அனுப்ப வேண்டும். உணவகமாயினும் ஆலையாயினும் ஒப்பந்தம் தனி ஆளோடன்றிச் சங்கத்தோடுதான் என்று பொதுக்குழுவில் தீர்மானித்து, அதில் உறுதியாய் நிற்க வேண்டும். லாபம் முழுவதையும் ஈவாகப் பங்கிட்டுக்கொள்ளாமல், கிடங்குக்கும் குளிர்ப்பதன அறைக்கும் ஒதுக்க வேண்டும்.

உலகச் சந்தை நம் வாசலுக்கு வந்தாயிற்று. அதனைத் திருப்பி அனுப்ப நம்மால் இயலாது. அதன் விதியை எழுதும் மேசையில் நமக்கும் ஓர் இருக்கை வேண்டுமானால், முதலில் நம் சங்கத்திலுள்ள மேசையின் தூசியைத் தட்டுவோம்.