விற்பனை வரைபும் போக்குக் கோடும்

எமது வர்த்தகர்கள் பலர் இன்று கணக்குகளைக் கணனியில் வைத்திருக்கிறார்கள். எக்ஸலில் விற்பனையை வரைபாக்கி, அதன் மேல் 'ட்ரெண்ட்லைன்' எனும் போக்குக் கோட்டையும் போடுகிறார்கள். இது வரவேற்கத்தக்கது. ஆனால் அக்கோட்டை நம்பிப் பின்திகதியிட்ட காசோலை கொடுத்துச் சரக்கு எடுப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. கோடு பிழைத்தாலும் காசோலையின் திகதி மாறாது.

முதலில் கணனிப் பக்கப் பிழைகளைப் பார்ப்போம். விலைக்கும் விற்பனைக்கும் உள்ள தொடர்பை அறிய 'லைன்' வரைபு பொருந்தாது. 100, 150, 300 ரூபா விலைகளை அது 1, 2, 3 என்றே எடுத்துக்கொள்ளும். இதற்கு 'ஸ்கேட்டர்' வரைபே சரி. இன்னும் வராத மாதங்களுக்குப் பூச்சியம் இட்டால் கோடு கீழே இழுபடும். அவற்றை வெறுமையாக விடுங்கள். பூச்சியம் இருந்தால் 'எக்ஸ்பொனென்ஷியல்' கோடு வரவே வராது.

வரைபில் தெரியும் சமன்பாட்டின் எண்கள் சுருக்கப்பட்டவை. அவற்றை அப்படியே பிரதி பண்ணிக் கணக்கிட்டால், குறிப்பாகத் திகதிகளை வைத்து வளைகோடு போட்டிருந்தால், விடை எங்கோ போய்விடும். 2022 ஜனவரி 1 எக்ஸலுக்கு 44562 என்ற எண்ணாகும். அத்தகைய பெரிய எண்ணோடு சிறு தசமப் பிழையும் பெரிதாகும். தசம தானங்களைக் கூட்டுங்கள். அல்லது திகதிக்குப் பதிலாக மாதங்களை 1, 2, 3 என இலக்கமிடுங்கள்.

'ஆர் ஸ்குயர்' 1 என்று வந்தால் மகிழ வேண்டாம். ஏழு மாதக் கணக்குக்கு ஆறாம் படி வளைகோடு போட்டால் அது எல்லாப் புள்ளிகளையும் தொடும். எட்டாம் மாதத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

இவற்றையெல்லாம் திருத்தினாலும் எமது வியாபாரத்துக்கே உரிய இரு சிக்கல்கள் எஞ்சும். ஒன்று, பெருநாள். எமது வருடம் சந்திரனைச் சார்ந்தது. ஆங்கில வருடத்தில் அது சுமார் 11 நாட்கள் முந்தி வரும். 2022 இல் நோன்புப் பெருநாள் மே மாத ஆரம்பத்தில் வந்தது. 2025 இல் மார்ச் இறுதியில் வந்தது. புடவைக் கடைக்காரர் ஏப்ரலை ஏப்ரலோடு ஒப்பிட்டால், பெருநாள் நகர்ந்ததையே வீழ்ச்சி என நினைப்பார். ரமழானை ரமழானோடு ஒப்பிடுவதே நியாயம்.

மற்றது, விலைவாசி. 2022 செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அக்காலத்தில் ரூபாவில் ஏறிய கோடு வியாபாரம் வளர்ந்ததைக் காட்டவில்லை. பணத்தின் பெறுமதி தேய்ந்ததையே காட்டியது. எனவே எத்தனை உருப்படி, எத்தனை மூடை விற்றது என்றும் வரையுங்கள். 2020 ஊரடங்கு மாதங்களைச் சாதாரண மாதங்களோடு ஒரே கோட்டில் கோர்ப்பதும் தவறே.

திட்டமிடுவது தவக்குலுக்கு முரணானதல்ல. வரவிருந்த ஏழு பஞ்ச வருடங்களுக்காக யூஸுப் (அலை) அவர்கள் தானியம் சேமிக்கச் செய்ததை நாம் அறிவோம். ஆனால் நமது கோட்டுக்கு வஹீயின் உறுதி கிடையாது. ஆகவே கோடு காட்டும் தொகை முழுவதற்கும் கடன்படாதீர்கள். கோடு பிழைத்தாலும் கட்டித் தீர்க்கக்கூடிய அளவுக்கு மட்டும் கொள்முதல் செய்யுங்கள். இன்ஷா அல்லாஹ், கடையும் நிலைக்கும், கண்ணியமும் நிலைக்கும்.