உங்கள் வீட்டுக் கழிவறை பிரஷ் யார் கையில் இருக்கிறது?

2017ஆம் ஆண்டு. துப்புரவுத் தொழிலாளர்களின் நிலையைச் சொல்லும் 'கக்கூஸ்' ஆவணப்படத்தைத் திரையிட இடம் தேடி நானும் என் அறைத் தோழர்களும் சென்னையில் அலைந்துகொண்டிருந்தோம். போலீஸ் தொல்லைக்குப் பயந்து அரங்கக்காரர்கள் கைவிரித்தார்கள். இரவு அறைக்குத் திரும்பி அரசைத் திட்டித் தீர்த்துவிட்டுப் படுப்போம். சூளைமேட்டில் நாலு பேர் சேர்ந்து எடுத்திருந்த அந்த வாடகை வீட்டின் கழிவறையை வாரம் ஒருமுறை ஓர் அக்கா வந்து கழுவிவிட்டுப் போவார். நாங்கள் போட நினைத்த படத்துக்கும் எங்கள் கழிவறைக்கும் சம்பந்தம் இருப்பதாக நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சமைக்கவும் வீடு கூட்டவும் வேறொரு அம்மா வந்தார். அவர் கழிவறைப் பக்கம் போக மாட்டார். கழிவறை கழுவும் அக்கா சமையலறைப் பக்கம் வர மாட்டார். இந்த ஏற்பாட்டை நாங்கள் செய்யவில்லை. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா செய்துகொடுத்தார். நாங்கள் யாருடைய சாதியையும் கேட்கவில்லை. கேட்காமலேயே தெரிந்திருந்தது. சாதி வெறும் வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கி வைப்பது என்று 1936இல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியதை வாசிப்பு வட்டத்தில் மணிக்கணக்கில் விவாதித்தவர்கள் நாங்கள். எங்கள் சமையலறைக்கும் கழிவறைக்கும் இடையில் எட்டடி தூரம்தான். அந்த எட்டடியில் அவர் எழுதியது நடந்துகொண்டிருந்ததை நாங்கள் பார்க்கவில்லை.

ஒரு நாள் நாற்றம் தாங்காமல் எங்களில் ஒருவன் பீங்கானில் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டியிருந்தான். அக்கா வந்தார். வழக்கம்போல ஆசிட்டை ஊற்றினார். அடுத்த நிமிடம் கண்ணில் நீர் வழிய, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில், 1915இல், ஜெர்மன் படை எதிரிகள் மீது ஏவிய அதே வாயு. எங்கள் நால்வரில் ஒருவன் எம்.எஸ்சி. வேதியியல். அவனுக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் அந்த அறைக்குள் என்னென்ன கொட்டப்படுகிறது என்று நினைத்துப் பார்க்கவேண்டிய அவசியம் அவனுக்கும் இருந்ததில்லை, எங்களுக்கும் இருந்ததில்லை.

தண்ணீர் கொடுத்தோம். பிளாஸ்டிக் பாட்டிலில். சமையல்கார அம்மாவுக்கு டம்ளரில் காபி கொடுக்கும் நாங்கள் இவருக்கு ஏன் பாட்டிலில் கொடுத்தோம் என்று அன்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. இருமல் அடங்கியதும் அக்கா சொன்னார்: "அடுத்த வாட்டி பவுடர் போட்டா முன்னாடியே சொல்லிடுங்க தம்பி." அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று அவர் கையில் இருந்த சாமான்கள் எவை? பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் அடைத்து விற்ற, லேபிள் இல்லாத ஆசிட். தேய்ந்து ஒரு சாண் ஆகிவிட்ட விளக்குமாறு. ஓரம் உடைந்த மக். கையுறை கிடையாது. இத்தனைக்கும் அதே வீட்டில் எங்கள் ஷூவுக்கு இரண்டு பிரஷ் இருந்தது. கண்ணாடி துடைக்கத் தனித் துணி இருந்தது. லேப்டாப் திரை துடைக்க ஒரு திரவம் இருந்தது. நம் கை படுகிற வேலைக்கு நல்ல சாமான் வாங்கத் தெரிந்த நமக்கு, அடுத்தவர் கை படுகிற வேலைக்கு மட்டும் எது கிடைத்தாலும் போதும் என்று எப்படித் தோன்றுகிறது? "விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சமா" என்று ஊரில் கேட்பார்கள். பட்டுக்குஞ்சம் வேண்டாம் தோழர்களே. குனியாமல் பிடிக்கிற மாதிரி ஒரு நீளக் கைப்பிடி போதும். அதைக்கூட நாம் போடவில்லையே!

நம் வீட்டுத் துடைப்பம் ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? கடையில் அதைத் தேர்ந்தெடுக்கிறவர் பெரும்பாலும் அதைப் பிடிப்பதில்லை. முதுகு வலிப்பது வேறொருவருக்கு. கூட்டுகிறவர் குனிந்துதான் கூட்டவேண்டும் என்பது நமக்கு இயல்பாகிப் போனது. பேஷ்வா ஆட்சியில் புனே நகரத்துக்குள் வரும் தீண்டப்படாதோர், தங்கள் காலடி மண்ணைத் தாங்களே பெருக்கிக்கொண்டே நடக்க இடுப்பில் துடைப்பம் கட்டிவர வேண்டியிருந்தது என்று அதே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் குறிப்பிடுகிறார். இந்த நாட்டில் துடைப்பத்துக்கு அப்படி ஒரு வரலாறு இருக்கிறது. "விளக்குமாத்தால அடிப்பேன்" என்பது ஏன் செருப்படிக்குச் சமமான அவமானம் என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு முடிவோடு கடைக்குப் போனேன். இனி எங்கள் கழிவறையை நாங்கள்தான் கழுவுவது. இருபத்து நாலு வயதில் முதன்முறையாக ஒரு கழிவறை பிரஷ் வாங்கினேன். என்ன வாங்குவதென்று தெரியாமல் அலமாரி முன்னால் நின்ற கால் மணி நேரம்தான் நான் படித்த அரசியலுக்கு வந்த முதல் செய்முறைத் தேர்வு. அன்றும் அதற்குப் பிறகும் கற்றதைச் சொல்கிறேன். இதைச் சமையல் குறிப்புப் பகுதிக்கு உரியது என்று தள்ளிவிடாதீர்கள்.

முதலில் கையுறை. முழங்கை வரை வருகிற ரப்பர் கையுறை ஒரு பிரியாணியின் விலைகூட இராது. அடுத்து, நீளப் பிடி வைத்த பிரஷ்; வளைவுக்குள் நுழைகிற தலை உள்ளதாகப் பார்க்கவேண்டும். லேபிள் இல்லாத ஆசிட்டை வாங்கவே கூடாது. ஆசிட் வீச்சுக் கொடுமைகளுக்குப் பிறகு 2013இல் உச்ச நீதிமன்றமே அதன் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. கடையில் விற்கிற கழிவறைத் திரவங்களிலும் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். ஆனால் நீர்த்தது, கெட்டியானது, பீங்கானில் ஒட்டி நிற்கும். ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் விட்டால் கறை தானே இளகும். மூச்சுப் பிடித்துத் தேய்க்கவேண்டியதில்லை.

பிளீச்சிங் பவுடரை எந்த அமிலத்தோடும் சேர்க்கக் கூடாது. வினிகரோடும் கூடாது. ஒரு நாள் ஒன்று மட்டும். அதையும் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு. போர்வெல் தண்ணீரால் குழாயிலும் வாளியிலும் படியும் வெள்ளைக் கறைக்கு மளிகைக் கடை லெமன் சால்ட்டைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் போகும். அதை மார்பிள், மொசைக் தரையில் மட்டும் படவிடாதீர்கள், அரித்துவிடும். வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து நுரை பொங்கவைக்கும் வீடியோக்களை நம்பவேண்டாம். ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். தரைக்கு வெந்நீரும் சோப்புத் தூளும் நீளப் பிடி மாப்பும் போதும்.

இவ்வளவுதான் பட்டியல். ஆனால் கடை அலமாரியில் இதைவிடப் பத்து மடங்கு இருக்கிறது. கிருமிகளை ஏறக்குறைய முழுவதும் கொல்வதாகச் சொல்வது ஒன்று, ரோஜா மணத்தில் ஒன்று, கோமியத்தில் செய்த தரைத் திரவம் ஒன்று. ஏன் இத்தனை? நம் நாட்டில் அழுக்கு வேறு, தீட்டு வேறு. அழுக்கு தரையில் இருக்கிறது, சோப்புப் போட்டால் போய்விடும். தீட்டு தரையில் இல்லை, நம் தலைக்குள் இருக்கிறது. அதற்கு எத்தனை பாட்டில் வாங்கினாலும் போதாது. மாட்டின் மூத்திரம் தரையைப் புனிதப்படுத்தும் என்று நம்புகிற வீடு, அந்தத் தரையைத் துடைத்த பெண்ணுக்குத் தனி டம்ளர் வைக்கிறது. இதில் எங்கே இருக்கிறது சுத்தம்?

என் சொந்த வீட்டையும் விட்டுவிடுவதற்கில்லை. நான் பிறந்தது கொங்குப் பகுதியில் நிலம் வைத்திருந்த ஓர் இடைநிலைச் சாதிக் குடும்பத்தில். கழிவறை மாட்டுக் கொட்டகையை ஒட்டி இருந்தது. கழுவ வரும் அருந்ததியப் பெண்மணி பின்சந்து வழியாக வந்து பின்சந்து வழியாகவே போவார். என் பாட்டி வயதுள்ள அவரை, ஆறு வயதில் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. அவருடைய விளக்குமாறு காம்பவுண்டு சுவருக்கு வெளியே கிடக்கும்; அதை நாங்கள் தொடக் கூடாது. நான் சென்னைக்கு வந்து 'தோழர்' ஆன பிறகும் அந்த விளக்குமாற்றைத் தொடாமலேயே இருந்திருக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு கேள்வி வரும். "நாமே கழுவிக்கொண்டால் அந்த அக்காவின் பிழைப்பு என்ன ஆகும் தோழர்?" இந்தக் கேள்வியை நானும் கேட்டேன். சமையல் செய்த அம்மா ஊருக்குப் போய்விட்ட மாதம் அது. அதனால் அக்காவிடமே கேட்டோம்: "கழிவறை வேணாம்க்கா, நாங்க பாத்துக்கறோம். சமையலும் வீடு கூட்டறதும் செய்யறீங்களா? அவங்களுக்குக் குடுத்த சம்பளமே தர்றோம்." அது அவர் எங்களிடம் அதுவரை வாங்கியதைப்போல நாலு மடங்கு. அவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கீழ ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா தம்பி?" என்றுதான் கேட்டார். சொன்னார்கள். மூன்றாவது நாள் வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். "அந்தம்மாவா சமைக்குது? எங்க வீட்ல அதெல்லாம் சரிப்படாதுப்பா." அவருடைய பிழைப்பைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் இல்லை. நாலு மாதத்தில் நாங்கள் வீடு மாறினோம். அக்கா புதிய வீட்டிலும் எங்களுக்குச் சமைத்தார். இதைச் சாதனையாகச் சொல்லவில்லை. இதற்கு எங்களுக்கு ஒரு மனிதரின் நெஞ்செரிச்சலும் இருமலும் தேவைப்பட்டன.

ஆகவே "வேலை போய்விடுமே" என்று உருகுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கழிவறை வேலைக்குப் பதிலாகச் சமையலறை வேலையைக் கொடுங்கள். கொடுப்பீர்களா? அங்கே வாய் மூடுகிறதென்றால் உங்கள் அக்கறை அவருடைய வயிற்றின் மீது அல்ல, உங்கள் பீங்கானின் மீது. முதியவர்கள், உடல் முடியாதவர்கள் வீட்டில் ஆள் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் வையுங்கள். ஆனால் நீங்களே பிடிப்பதாக இருந்தால் எந்த பிரஷை, எந்தக் கையுறையை, எந்தத் திரவத்தை வாங்குவீர்களோ அதையே வாங்கிக் கொடுங்கள். அந்த வேலைக்கு நீங்கள் என்ன கூலி கேட்பீர்களோ அதைக் கொடுங்கள். வீட்டு வேலைத் தொழிலாளர் உரிமைக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க நம் கையை யாரும் கட்டிப்போடவில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஆபத்து உண்டு. தன் கழிவறையைத் தானே கழுவுவதைத் தவமாக ஆக்கும் ஆபத்து. 1936இல் காந்தி 'லட்சிய பங்கி' எப்படி இருக்கவேண்டும் என்று 'ஹரிஜன்' இதழில் எழுதினார். மலம் அள்ளுவதை உன்னதமான சேவையாகப் போற்றியதன் பலன், அள்ளுகிறவர் அதே இடத்திலேயே இருப்பதுதான் என்பதை அம்பேத்கர் கடுமையாகச் சாடினார். நாம் கழுவுவது சேவை அல்ல, தியாகம் அல்ல, புரட்சியும் அல்ல. நான் அசுத்தப்படுத்தியதை நான் கழுவுகிறேன். அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் போடவும் ஒன்றுமில்லை. ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த அக்காவிடமிருந்து வாங்கிய பிரஷை அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டுச் சாதியை ஒழித்துவிட்டதாகச் சொல்லாதீர்கள்.

நம் கழிவறை நம் வீட்டோடு முடிவதும் இல்லை. நாப்கின், டயாப்பர், ஆணுறை, பஞ்சு எதையும் பீங்கானில் போடாதீர்கள். தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்கவேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. அடைத்துக்கொண்டால் ஹார்டுவேர் கடையில் பிளஞ்சர் கிடைக்கும், முதலில் நீங்கள் முயன்று பாருங்கள். ஆசிட்டையும் பிளீச்சையும் லிட்டர் கணக்கில் ஊற்றினால் செப்டிக் டேங்கில் கழிவை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் சாகும். டேங்க் சீக்கிரம் நிரம்பும். நிரம்பினால் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. டேங்க் நிரம்பினால் உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். வருகிறவர் உள்ளே இறங்கப் பார்த்தால் தடுங்கள். "ரெண்டு நிமிஷம்தான் சார்" என்று அவரே சொன்னாலும் தடுங்கள். அந்த ரெண்டு நிமிடத்தில்தான் சாகிறார்கள்.

இந்த வாரம் ஒரு கூட்டத்துக்கோ ஆர்ப்பாட்டத்துக்கோ போவீர்கள். போய்வாருங்கள், போகவேண்டியதுதான். திரும்பி வரும் வழியில் ஒரு கையுறையும் நீளப் பிடி பிரஷும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் யாரும் கேட்டால் உங்களுக்குத்தான் என்று சொல்லுங்கள்.