சிறுவாட்டுப் பணமும் செல்பேசிப் புடவையும்

சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டத்தில் அன்பர் ஒருவர், "பெண்டிர் இப்பொழுது கடைக்கே போவதில்லை, புடவையெல்லாம் செல்பேசியில்தான். கொரோனா கற்றுக்கொடுத்த சோம்பல்!" என்றார். அவையில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில்தான், சிரித்திருக்கக் கூடாதென்று தோன்றிற்று.

2020 மார்ச் வரையில் நம் இல்லத்தரசி மாதுங்காவில்தான் புடவை எடுப்பாள். முந்தானையைத் திருப்பிப் பின்புறத்து இழையைப் பார்ப்பாள். ஓரத்தை இரு விரலால் கசக்கிக் கஞ்சியின் அளவை அறிவாள். கடைக்காரரோடு அரை மணி நேரம் வழக்காடுவாள். பணம் அவளது சிறுவாடு. எவ்வளவு, எங்கே என்று நாம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் விடை வந்திராது.

மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு வந்தது. கடைகள் மூடின. இணைய வாணிபத்திலும் உணவு, மருந்து போன்ற இன்றியமையாப் பொருள்களுக்கே இடம். மே 4 முதல் பச்சை, ஆரஞ்சு மண்டலங்களில் மற்றப் பொருள்களுக்கும் வழி திறந்தது. மும்பையோ சிவப்பு மண்டலம்! பயணி வண்டிகள் நின்ற அந்நாட்களில் பார்சல் வண்டிகள் ஓடின. பார்சல் அலுவலகக் குமாஸ்தாவாகிய நாம் மருந்துப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தோம். வீட்டில் பழைய ரவிக்கைத் துணிகள் முகக்கவசங்களாயின.

நிற்க. அவ்வாண்டு ஆவணியில் திருநெல்வேலியில் மைத்துனிக்குத் திருமணம். ஐம்பது பேருக்கு மேல் கூடலாகாது. நாம் போக வழியில்லை. தங்கைக்குத் தன் கைப்பணத்தில் ஒரு புடவையாவது அனுப்பவேண்டுமென்று அவள் விரும்பினாள். செல்பேசியில் ஒன்றைத் தேர்ந்தாள், விலை ரூ. 2,350. வாசலில் ரொக்கம் வாங்கமாட்டோம், வங்கி வழியே முன்னதாகக் கட்டுக என்றது அக்கடை. வங்கிக் கணக்கு நம் பெயரில்; இரகசிய எண் வருவதும் நம் செல்பேசிக்கே. ஆகவே அவள் உளுந்து டப்பாவைக் கொணர்ந்து நம் முன் கவிழ்த்தாள். ரூ. 11,400! 2016இல் நோட்டுகள் செல்லாமற்போனபோது ஒருமுறை வெளிப்பட்டுக் கரைந்த சிறுவாடு, மறுபடி சேர்ந்திருந்தது.

புடவைக்குக் கட்டினோம். மீதி? அகவிலைப்படி உயர்வு நிறுத்திவைக்கப்பட்டிருந்த காலம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம் வேறு பாக்கி. "கைமாற்றாகக் கொடு" என்று கேட்டோம். அவள் எப்படி மறுப்பாள்? டப்பாதான் நம் முன் கவிழ்ந்து கிடந்ததே. சோம்பல் என்றாரே அன்பர், அவர் வீட்டு டப்பா என்னவாயிற்றென்று அவர் அறிவாரோ?

புடவையை நேரே தங்கை வீட்டுக்கே அனுப்பச் சொல்லலாமென்றோம். "தொட்டுப் பார்க்காம கொடுக்கிறதா?" என்றாள். பொட்டலம் வந்தது. இரண்டு நாள் வெயிலில் போட்டுவைத்துப் பிறகே பிரித்தாள். படத்தில் மயில்கழுத்து நிறம். கையில் வெளிறிய நீலம். திருப்பி அனுப்பினால் முகூர்த்தத்துக்குள் வேறு வராது. அதையே ஊருக்கு அனுப்பினாள். திருமணத்தன்று செல்பேசித் திரையில் அந்நீலம் எங்கேனும் தெரிகிறதா என்று நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தாள்.

மறு ஆண்டு தன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினாள். நமக்குக் கொடுத்த கைமாற்றில் ரூ. 4,000 இன்னும் நிலுவை. சென்ற வாரம் ஒரு பொட்டலம் வந்தது. வாங்கி வைத்தவர் நாமே. "என்ன அது?" என்றோம்.

"புடவைங்க."

விலை கேட்க நமக்கு வாய் வரவில்லை.