பரிந்துரைக் கடிதத்தின் சாதி: நெய்வேலியும் உள்ளகப் பயிற்சியும்

வணிக நிர்வாகம் பயிலும் மாணவர்களுக்கு 'இன்டர்ன்ஷிப்' எனப்படும் உள்ளகப் பயிற்சி இன்று விருப்பத்தின்பேரில் பெறும் கூடுதல் தகுதி அன்று. அது பட்டத்தோடு பிணைக்கப்பட்ட கட்டாயமாகிவிட்டது. எம்.பி.ஏ. படிப்பில் கோடைக்காலப் பயிற்சி நெடுங்காலமாக உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட வரைவு இதற்கு 2 முதல் 4 மதிப்புப் புள்ளிகளை ஒதுக்கியது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டிலும் பல இளநிலைப் பாடத்திட்டங்களில் இப்பயிற்சி இடம்பெற்றுவருகிறது. ஏதேனும் ஒரு நிறுவனத்தில் சில வாரங்கள் பணியாற்றிச் சான்றிதழ் பெற்று வருமாறு மாணவரிடம் கல்லூரி கூறுகிறது. அந்நிறுவனத்தின் கதவை அவருக்கு யார் திறப்பார் என்பதைப் பாடத்திட்டம் கூறுவதில்லை.

இக்கேள்வி கடலூர் மாவட்டத்தில் தனி எடை கொண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் அவ்விகிதம் 20 விழுக்காடே. இதே மாவட்டத்தில்தான் 1956இல் உருவாக்கப்பட்டு, இன்று என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் இயங்கும் நவரத்னா தகுதி பெற்ற ஒன்றியப் பொதுத்துறை நிறுவனம் உள்ளது. கடலூர், விருத்தாசலம், சிதம்பரம் ஆகிய ஊர்களின் கல்லூரிகளில் வணிக நிர்வாகம் படிக்கும் மாணவர் பெருநிறுவனம் ஒன்றின் நிதி, மனிதவளம், மக்கள் தொடர்புத் துறைகளை நேரில் காண விரும்பினால், முதலில் நெய்வேலியையே நோக்குவார். அவருடைய விண்ணப்பம் எந்த விதியின்கீழ் பரிசீலிக்கப்பட வேண்டும் என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

பழகுநருக்கு உள்ள சட்டம்

தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. அதில் பின்னர் சேர்க்கப்பட்ட 3அ பிரிவு, அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு தொழிற்பிரிவிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கக் கட்டளையிடுகிறது. அவ்வெண்ணிக்கை அந்தந்த மாநிலத்தில் அவர்களின் மக்கள்தொகையைக் கருத்தில் கொண்டு வகுக்கப்பட வேண்டும். 13ஆம் பிரிவு உதவித்தொகையைக் கட்டாயமாக்குகிறது. 2014இல் செய்யப்பட்ட திருத்தம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் இச்சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. என்.எல்.சி.யும் பழகுநர் இடங்களுக்குப் பொது அறிவிப்பு வெளியிட்டே விண்ணப்பங்களைப் பெறுகிறது. அறிவிப்பு, ஒதுக்கீடு, உதவித்தொகை ஆகிய மூன்றும் அங்கே ஒருவரின் கருணையைச் சார்ந்தவை அல்ல, சட்டத்தின் கட்டளைகள்.

ஆனால் பட்டதாரிப் பழகுநர் என்பவர் படிப்பை முடித்தவர். வழக்கமான பட்டப்படிப்பின் நடுவில், பாடத்திட்டம் கேட்கும் சில வாரப் பயிற்சிக்கு வரும் மாணவர் பழகுநர் அல்லர். எனவே 3அ பிரிவின் பாதுகாப்பு அவரைச் சென்றடைவதில்லை.

2024 ஜூலை ஒன்றிய வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டமும் அவருக்கு உதவவில்லை. முன்னணி 500 நிறுவனங்களில் 5 ஆண்டுகளில் 1 கோடி இளைஞர்களுக்குப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை என்று அத்திட்டம் பேசியது. ஆயினும் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட விதிகளின்படி 21 முதல் 24 வயதுக்குட்பட்டோரே விண்ணப்பிக்கலாம், முழுநேரக் கல்வியில் உள்ளோர் விண்ணப்பிக்க இயலாது. அதாவது, பயிற்சி யாருக்குக் கட்டாயமோ அவருக்கே கதவு மூடப்பட்டது. மேலும் அது நிர்வாகத் திட்டமேயன்றிச் சட்டம் அன்று. ஒதுக்கீட்டை உரிமையாகக் கோரி நீதிமன்றம் செல்ல அதில் வழியில்லை.

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில்தான் நம் மாணவர் நிற்கிறார். அந்த வெற்றிடத்தைப் பெரும்பாலும் நிரப்புவது பரிந்துரை. மாமா அங்கே அதிகாரி, தந்தையின் நண்பர் துறைத் தலைவர், பேராசிரியருக்கு வேண்டியவர் ஒருவர் இருக்கிறார் என்ற வகையில் வாய்ப்புகள் கைமாறுகின்றன. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்த தலித் மாணவருக்கு அத்தகைய மாமா இல்லை. நுழைவுத் தேர்விலும் வேலைவாய்ப்பிலும் நாம் போராடிப் பெற்ற இட ஒதுக்கீடு, இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இந்தச் சிறு வாசலில் செயலற்று நிற்கிறது.

முகவரியில் தெரியும் சாதி

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடும் வழக்கம் பெரிதும் ஒழிந்துவிட்டதாகப் பெருமை கொள்கிறோம். அப்பெருமை நியாயமானதே. ஆனால் விண்ணப்பத்தில் பெயருக்குக் கீழே முகவரி இருக்கிறது. நெய்வேலி நகரியத்தில் முகவரி என்பது வட்டத்தின் எண். நகரியத்துக்கு வெளியே பல ஊர்களில் அது ஊர்த்தெருவாகவோ காலனியாகவோ இருக்கிறது. 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவிக்க வேண்டியிருந்தது. முகவரி சாதியைச் சொல்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது.

இதற்கு ஆய்வுச் சான்றுகளும் உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் தனியார் நிறுவனங்களுக்குச் சம தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு சாதிப் பெயர்களில் அனுப்பிச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. தலித் பெயருள்ள விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம், சாதி இந்துப் பெயருள்ள விண்ணப்பத்தோடு ஒப்பிடுகையில் 0.67 மட்டுமே என அது கண்டது. அதே ஆண்டில் அஸ்வினி தேஷ்பாண்டேயும் கேத்தரின் நியூமனும் தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களின் மாணவர்களிடையே செய்த ஆய்வு, நேர்காணல்களில் கேட்கப்படும் குடும்பப் பின்னணி குறித்த கேள்விகள் தலித் மாணவர்களுக்கு எவ்வாறு தடையாகின்றன என்பதைக் காட்டியது. அறிவிப்பும் விதியும் உள்ள வேலைவாய்ப்புச் சந்தையிலேயே நிலைமை இதுவெனில், அறிவிப்பே இல்லாமல் வாய்மொழியாக நடக்கும் பயிற்சித் தேர்வில் சாதி எவ்வளவு இயல்பாக இயங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதனுடன் பணமும் சேர்கிறது. உதவித்தொகை இல்லாத பயிற்சி என்பது மாணவர் தம் செலவில் உழைப்பதாகும். விடுமுறையில் கூலி வேலைக்குச் சென்று அடுத்த பருவக் கட்டணத்துக்குச் சேர்த்துவைக்கும் மாணவருக்கு, நான்கு வாரப் பயிற்சி நான்கு வாரக் கூலி இழப்பாகவும் பேருந்துச் செலவாகவும் ஆகிறது.

மக்கள் தொடர்புத் துறை ஏன் முக்கியம்?

நிதித்துறையில் பயிற்சி பெறும் மாணவர் கணக்கைக் கற்கிறார். மக்கள் தொடர்புத் துறையில் பயிற்சி பெறுபவரோ ஒரு நிறுவனம் தன்னைச் சுற்றியுள்ள மக்களைப் பற்றி எந்தச் சொற்களில் பேசுகிறது என்பதைக் கற்கிறார். செய்திக்குறிப்பில் எது முதல் பத்தியில் வருகிறது, எது விடுபடுகிறது, படத்தில் யார் வழங்குகிறார், யார் பெறுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன.

நெய்வேலியில் இது வெறும் கோட்பாடு அன்று. 2020 மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகள் நிகழ்ந்து தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 2023 ஜூலையில் பரவனாறு மாற்றுப்பாதைக்காக வளையமாதேவியில் விளைந்துகொண்டிருந்த நெற்பயிரின்மீது இயந்திரங்கள் இறக்கப்பட்டன. அறுவடை வரை பொறுத்திருக்க முடியாதா என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடும் வழங்கப்பட்டது என்பது நிறுவனத்தின் தரப்பு. அதை எதிர்த்த கட்சிகளின் குரலும் நில உரிமையாளரையே மையமாகக் கொண்டிருந்தது. அந்த வயலில் நாற்று நட்டுக் களையெடுத்த நிலமற்ற தொழிலாளர் இரு தரப்பின் உரைகளிலும் ஓரத்திலேயே நின்றார். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டமோ, மூன்றாண்டுகளாக அந்நிலத்தையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட உழவுத் தொழிலாளரையும் குத்தகைதாரரையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. சட்டம் அறிந்த ஒருவரைச் செய்திக்குறிப்பு அறியவில்லையெனில், அதை எழுதும் மேசையில் யார் அமர்ந்திருக்கிறார் என்று கேட்பது நம் கடமை.

பயிற்சிக்கு வரும் ஒரு தலித் மாணவி ஒரு நிறுவனத்தின் மொழியை மாற்றிவிடுவார் என்று நாம் கருதவில்லை. அவரது படத்தையே விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. ஆனால் இன்றைய பயிற்சிச் சான்றிதழே நாளைய மக்கள் தொடர்பு அலுவலரின், செய்தி ஆசிரியரின் முதல் தகுதி. ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர் இருந்தனர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. மேல்தளத்தின் அந்த வெறுமை முதல் படிக்கட்டில், இத்தகைய பரிந்துரை வாசல்களில்தான் தொடங்குகிறது.

பயிற்சி வேலை அன்று என்ற வாதம்

உள்ளகப் பயிற்சி வேலைவாய்ப்பு அன்று, ஆகவே அரசமைப்பின் 16ஆம் பிரிவு பொருந்தாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அதை ஏற்றாலும் வாதம் முடிந்துவிடாது. பொதுத்துறை நிறுவனம் 12ஆம் பிரிவின்படி 'அரசு' என்ற வரையறைக்குள் வருவதற்கான அளவுகோல்களை உச்ச நீதிமன்றம் 1980இல் அஜய் ஹாசியா வழக்கில் தொகுத்துரைத்தது. அதற்கு முன்பே, 1979இல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில், அரசு தன் வசமுள்ள வாய்ப்புகளைத் தனியார் முதலாளியைப் போல விரும்பியவருக்கு வழங்க இயலாது, அவை நியாயமான அளவுகோலின்படி பகிரப்பட வேண்டும் என்று கூறியது. பயிற்சி இடமும் அத்தகைய வாய்ப்பே. 14ஆம் பிரிவும் 15ஆம் பிரிவும் அதற்குப் பொருந்தும் என்பதே நம் வாதம்.

பயிற்சி பெறுபவரைச் சட்டத்தால் அடையாளம் காண இயலாது என்பதும் உண்மையன்று. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும் பயிற்சியாளரையும் 'பணியாளர்' என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. பாதுகாப்புக்காக அவரைக் கண்ட சட்டம், சமவாய்ப்புக்காக ஏன் காணக்கூடாது?

எனவே நம் கோரிக்கைகள் எளியவை. இவற்றுக்கு நாடாளுமன்றச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நிர்வாக ஆணையே போதும். பொதுத்துறை நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் துறைவாரியாக எத்தனை பயிற்சி இடங்கள் உள்ளன என்பதை இணையத்திலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் அறிவிக்க வேண்டும். தொழிற்பழகுநர் சட்டத்தின் 3அ பிரிவில் உள்ள அதே அடிப்படையில் இடங்களை ஒதுக்க வேண்டும். நிலம் இழந்த, வாழ்வாதாரம் இழந்த கிராமங்களின் மாணவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும். பயணச் செலவையேனும் ஈடுசெய்யும் உதவித்தொகை வழங்க வேண்டும். பயிற்சியைக் கட்டாயமாக்கும் பல்கலைக்கழகங்கள், இடம் பெற்றுத் தரும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

மாணவர் அமைப்புகள் இன்றே செய்யத்தக்க பணி ஒன்றும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்கீழ் என்.எல்.சி. ஒரு பொது அதிகார அமைப்பு. கடந்த ஐந்தாண்டுகளில் மக்கள் தொடர்பு உள்ளிட்ட ஒவ்வொரு துறையிலும் எத்தனை மாணவர்கள் உள்ளகப் பயிற்சி பெற்றனர், அவர்களுள் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், எந்த விதியின்படி தேர்ந்தெடுக்கப்பட்டனர், உதவித்தொகை எவ்வளவு என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். யாருடைய பெயரும் தேவையில்லை, எண்ணிக்கை போதும். அப்படியொரு கணக்கே பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தால், அப்பதிலையே முதல் சான்றாக இணைத்துத் தேசிய பட்டியல் சாதிகள் ஆணையத்திடம் முறையிடலாம்.