விரதமா, வியாதியா?

பசியால் வாடியோரின் மக்கள் நாம். பால்மரக் காட்டில் அரைவயிற்றுக் கஞ்சியோடு காலங்கழித்தவரின் பேர்த்தி ஒருத்தி, சோறு முன்னே இருந்தும் உண்ண மறுக்கின்றாள் என்றால் நம்மவர் நம்பத் தயங்குவது இயல்பே. ஆனால் அத்தயக்கத்தோடு அவர்கள் நிற்பதில்லை. “கொழுப்பு” என்பார் ஒருவர். “காத்துக் கருப்பு” என்பார் மற்றொருவர். “கல்யாணத்தை முடித்தால் சரியாய்ப் போகும்” என்பார் மூன்றாமவர். விரதம் என்று அவளே சொல்லிவிட்டாலோ, வீடே அவளைக் கும்பிடும். இத்தீர்ப்புகள் அத்தனையும் அறியாமையின் பிள்ளைகள் என்று கூறுகின்றோம்.

இந்நோயின் பெயர் அனோரெக்சியா நெர்வோசா. இலண்டனில் வில்லியம் கல்லும், பாரிசில் லாசேக்கும் 1873-ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்தனர். பசியின்மை என்பது அப்பெயரின் பொருள். அப்பெயரே பிழை! பெரும்பாலும் பசி இருக்கும். உண்பதற்குள்ள அச்சம் அதனினும் பெரிதாயிருக்கும். ஆண்மக்களையும் இது விடுவதில்லை. மனநோய்களுள் மிகுதியாக உயிர் குடிப்பவற்றுள் இஃதொன்று.

“வெள்ளைக்காரன் வியாதி நமக்கேது?” என்பார்க்கு ஒன்று சொல்வோம். ஹாங்காங்கில் சிங் லீ என்னும் மனநல மருத்துவர், தம் நோயாளிகளுள் பலர் பருமனுக்கு அஞ்சாமலே, “வயிறு உப்புகிறது, பசியில்லை” என்று கூறி மெலிந்ததை 1990-களில் எழுதிக் காட்டினார். சென்னை மருத்துவ மாணவரிடையே உணவுபற்றிய மனத்துன்பத்தை ஆராய்ந்த கட்டுரை 1998-இல் வெளிவந்தது. ஆதலின், மெலிய வேண்டும் என்று பெண் சொல்லவில்லை என்பது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

“பிடிவாதம்” என்பார் கேட்கட்டும்: 1944, 1945-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பார், தாமாக முன்வந்த 36 இளைஞரை ஆறு மாதம் அரைப்பட்டினி வைத்து ஆராய்ந்தார். நல்ல மனத்தோடு வந்த அவர்கள் சோர்ந்தனர், சினந்தனர், பிறரைவிட்டு ஒதுங்கினர், இரவும் பகலும் உணவையே எண்ணினர். பட்டினியே மனத்தை வளைக்கின்றது. வளைந்த மனம் மீண்டும் பட்டினி கிடக்கின்றது. இச்சுழலில் அகப்பட்டவளை “நீயே திருந்து” என்பது, கிணற்றில் வீழ்ந்தவளை “நீயே ஏறி வா” என்பதற்கு ஒப்பாகும்.

வைத்தியம் யாது? முதற்கண் உடலைக் காக்க வேண்டும். நெடுநாள் பட்டினி கிடந்தவர்க்குத் திடீரென மிகுதியாக ஊட்டினால் இரத்தத்தின் உப்புகள் குலைந்து இதயமே நின்றுவிடக்கூடும்; ஆகவே மருத்துவர் கண்காணிப்பு இன்றியமையாதது. அடுத்தது பேச்சு வைத்தியம். இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப வைத்திய முறை, பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாது, ஊட்டும் பொறுப்பை முதலில் அவர்களிடமே தருகின்றது. உடல் தேறத்தேறப் பிள்ளையிடம் மீட்டளிக்கின்றது. இளமையில் தொடங்கி மூன்றாண்டு கடவாத நோய்க்கு, தனிப்பட்ட ஆலோசனையினும் இது நற்பயன் தந்ததென 1987-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. வளர்ந்தவர்க்கு எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் வைத்தியமும் உண்டு. மாத்திரை மட்டும் இதனைத் தீர்ப்பதில்லை, வேப்பிலை தீர்ப்பதேயில்லை.

பாலோவில் இருப்போர் கைவிரிக்க வேண்டா. அரசாங்க சுகாதார நிலையத்தில் தொடங்கிக் குளுவாங் மருத்துவமனைக்குக் கடிதம் கேட்கலாம். தம்போயிலுள்ள பெர்மாய் மருத்துவமனைக்கும் வழியுண்டு. அப்பெயரைக் கேட்டதும் “பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?” என்று முகஞ்சுளிப்போரே, மகளின் மானம் பெரிதா, உயிர் பெரிதா?

ஆட்சியாளரையும் கேட்கின்றோம்: தாய்மொழியில் அழுபவளின் துயரைப் பிறமொழியில் எப்படிக் கேட்டறிவீர்? தமிழறிந்த ஆலோசகர் மாவட்ட மருத்துவமனைதோறும் வேண்டும். கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் இதற்கு மனுச் செய்யட்டும். அதுவரை நம் பெண்டிர்க்கு ஒரு வேலை உண்டு: திருமணப் பந்தலில் பிறர் பிள்ளையின் உடம்பை அளந்து பேசும் நாவை அடக்குங்கள். தோட்டத்துப் பசி கூலி உயர்வு கேட்டுத் தீர்ந்தது. இப்பசி அறிவினால் அன்றித் தீராது.