கொய்தலும் கூலியும்

மேலை நாடுகளில் அப்பிள் பழுக்குங் காலத்தில் நகரமாந்தர் தோட்டங்களுக்குச் சென்று, தங் கையாற் கொய்த கனியை நிறுத்து விலைகொடுத்து வாங்கிச் செல்வர். நம் மலைநாட்டில் அவ்விருப்பம் தேயிலைக் கொழுந்தின்மீது சென்றுளது. டிக்கோயாவில் அண்மையில் விருந்தினர் சிலர் சேலையுடுத்து, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய்க் கிள்ளிப் படம் பிடித்தனர். கால்மணி நேரத்திற் கூடை இறங்கிவிட்டது.

வேடிக்கையை வெறுப்பவனல்லேன், இளமையில் அயலார் மாங்காயைப் பறித்தவனே யானும். ஆயின் அப்பிள் கொய்பவனுக்குத் தராசு விலையை மட்டுமே சொல்லும். இங்கோ பல தோட்டங்களில் அது 18 கிலோ, 20 கிலோ எனக் கேட்கின்றது. குறையின் முழுப்பேர் அரைப்பேராகும். நாட்கூலி 1000 ரூபாவாதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது.

'கொய்தல்' என்னுஞ் சொல்லை வாக்கியத்தில் அமைக்குமாறு வகுப்பிற் பணித்தேன். "அம்மா மழையிற் கொழுந்து கொய்தார், அரைப்பேர்தான் விழுந்தது" என எழுதினாள் ஒரு மாணவி. பிழை திருத்த ஒன்றுமில்லை.

விருந்தினர் வரட்டும், அவர் தருங் கட்டணத்தில் ஒரு பங்கு கொழுந்தெடுக்கும் பெண்டிர்க்குச் சேரட்டும். அவர்களை மலையோடு திருப்பிவிடாது மடுவத்துக்கும் அழைத்துச் செல்க. மாலையிற் கொழுந்து நிறுக்கும்பொழுது அவர்களும் வரிசையில் நிற்கட்டும்.