இறங்காமல் போன பாதை

"இந்த சைக்கிளை வச்சுக்கிட்டு மலைப்பக்கம் வராதீங்க பிரதர், கழுத்து முறிஞ்சிரும்." ஆத்தூர் காமராசர் அணைக்குப் போகிற வழியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எனக்குச் சொல்லப்பட்ட புத்தி இது. சொன்னவர் காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு நகரத்திலிருந்து வந்தவர். அவர் சைக்கிள் விலைக்கு மோட்டார் சைக்கிளே இரண்டு வாங்கலாம். என்னுடையது பெரிய கடையொன்றில் தள்ளுபடியில் எடுத்தது. தடித்த டயர், ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 'மவுண்டன்'.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்த ஸ்பிரிங் அமுங்கும், அமுங்கிய வேகத்திலேயே எகிறும். வண்டி கனம். ஈரத்தில் பிரேக் கட்டை வழுக்கும். பள்ளத்தில் குதித்தால் ரிம் கோணும். அதனால் நான் குதிப்பதில்லை. இறக்கத்துக்கு முன்னால் நின்று பிரேக்கைப் பார்க்கிறேன், பெடலை முறுக்குகிறேன். வங்கிக் குமாஸ்தாவுக்குச் சரிபார்ப்பது பழக்கம்தானே. மீதிப் பாதி அந்த 'வராதீங்க'. அதைத்தான் பேசணும்.

இந்த விளையாட்டு எங்கே வளர்ந்தது? 1970களில், கலிபோர்னியாவின் டமல்பய்ஸ் மலைச்சரிவில். அங்கே இளவட்டங்கள் ஓட்டியது காலாவதியான பலூன் டயர் சைக்கிள்களை. 1976இல் தொடங்கிய இறக்கப் பந்தயம் ஒன்றுக்கு 'ரீபேக்' என்றே பேர். ஒரு தடவை இறங்கினால் பின்சக்கரப் பிரேக்கில் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும், மறுபடி அடைக்கணும். ஓட்டை சைக்கிளில் வளர்ந்ததுக்கு இன்றைக்கு லட்ச ரூபாய்ப் பூணூல்!

எங்கய்யாவுக்கு டமல்பய்ஸ் தெரியாது. அவரிடம் பிரேக் இல்லாத பழைய சைக்கிள் ஒன்று இருந்தது. மாந்தோப்பு வேலைக்குப் போகிற வழியில் ஊர்த்தெரு. சேரிக்காரன் அங்கே இறங்கணும், செருப்பைக் கழற்றணும், தள்ளிக்கிட்டுப் போகணும். எங்கய்யா கண்மாய்க்கரையில் ஏறி, ஓடையில் இறங்கி, கருவேலங்காட்டுக்குள் புகுந்து ஒரு மைல் சுத்திப் போனார். ராத்திரியில் பஞ்சர் ஒட்டுவார். கல்லூரியில் படிக்கும்போது கேட்டேன்: "ஏன்யா பயந்து சுத்துனீங்க?" "இறங்கக் கூடாதுன்னுதான்டா சுத்துனேன்" என்றார். அன்றைக்கு அது சமரசமாகத் தெரிந்தது. இப்போது அதே கரையில் என் சைக்கிள் குலுங்கும்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் அந்த ஒரு மைல் கடன், வட்டியோடு வரவேண்டியது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரி 26இல் நடப்புக்கு வந்தது. பொது இடத்தில் நம்மை சைக்கிளில் ஏறவோ ஓட்டவோ விடாமல் தடுப்பது குற்றமென்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை. சுதந்திரம் வந்து 68 வருஷம் கழித்து ஒரு நாடாளுமன்றம் 'சைக்கிள்' என்று எழுதவேண்டி வந்திருக்கிறது. 'இப்பல்லாம் யார் சார் சாதி பாக்குறா' என்கிற அலுவலக நண்பர்கள் அந்தப் பிரிவைப் படிக்கட்டும்.

2001-02இல் மேல்நிலை வகுப்பு தலித், பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுத்தது. அக்காவுக்கு வந்தது. அவள் கரைப்பக்கமே போகவில்லை. தெருவழியே மணி அடித்துக்கொண்டு போனாள். காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். மறுநாள் கேரியரில் பம்பைக் கட்டிக்கொண்டு போனாள்.

தோழர்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. சைக்கிள் என்றால் வறுமை, புல்லட் என்றால் விடுதலை என்று நம் பையன்கள் தவணையில் விழுகிறார்கள். அந்தப் பேரேட்டைத் தினமும் பார்க்கிறவன் நான். மலையைச் சும்மா சுற்றிப்பார்க்கிற சுகம் அவனுக்கு, தோட்டக்கூலி நமக்கு என்று பிரித்தது யார்? இதை எந்தக் கூட்டத்திலாவது நாம் பேசியிருக்கிறோமா?

புத்தி சொன்னவருக்கு அன்று பதில் சொல்லவில்லை. கரையில் ஏறினேன். பாதி ஏற்றத்தில் செயின் கழன்றது. சிரித்தார்கள். உட்கார்ந்து மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன். வர்ற ஞாயிறு அக்கா மகளும் வருகிறாள். அவள் சைக்கிளில் கியர் கிடையாது. முதலில் ஊர்த்தெரு, அப்புறம் கண்மாய்க்கரை.